உங்களுக்குத் தெரியுமா? இருபத்தைந்து சுற்றுக்காரர்கள்

ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழாவது மதிலைச் சுற்றிவந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை நடைக்குக் கிளம்பும் பெரியவர் ஒரு சுற்றுக்கே அரைமணிக்கு மேல் எடுத்துக்கொள்வார். அதே அரைமணிக்குள் ஏறக்குறைய மூன்று சுற்று முடிப்பவர்தான் 10,000 மீட்டர் ஓட்டக்காரர். மைதானத்தின் 400 மீட்டர் டிராக்கில் அது 25 சுற்று.

*

டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் திருச்சி மாவட்டத்திலிருந்து மூன்று பேர் தேர்வானார்கள்: ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர். மூவரும் 4x400 தொடர் ஓட்ட அணிகளுக்காக, அதாவது ஆளுக்கு ஒரே சுற்று. நெடுந்தூரம் ஓடுகிறவர்களைப் பார்க்கப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். 2016-இல் கவுகாத்தி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூர்யா அந்த ஊர்ப்பெண். அடுத்த ஆண்டே புவனேஸ்வரத்தில், ஆசியத் தடகளப் போட்டியில், ஆண்களுக்கான அதே இரண்டு தங்கத்தையும் வாங்கிய கோ. லட்சுமணனும் புதுக்கோட்டைக்காரர்தான்.

*

புவனேஸ்வரத்தில் லட்சுமணனின் 10,000 மீட்டர் நேரம் 29 நிமிடம் 55 விநாடி. தேசிய சாதனையோடு ஒப்பிட்டால் மெதுவானதுதான். ஆனால் பதக்கப் பந்தயத்தில் யாரும் கடிகாரத்தோடு ஓடுவதில்லை. ஒருவரையொருவர் நோட்டம் பார்த்தபடி இருபது சுற்றைக் கடத்திவிட்டுக் கடைசியில் பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் நெடுந்தூர ஓட்டம் அலுப்பு என்பார்கள்.

*

உள்கோட்டை ஒட்டியே எல்லோரும் ஏன் நெருக்கியடிக்கிறார்கள்? டிராக்கின் நீளத்தை அளப்பதே உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான். அந்தக் கோட்டைவிட்டு ஒரு மீட்டர் விலகி ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மீட்டருக்கு மேல் கூடும். 25 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் 157 மீட்டர்! வெளியே போனால் கால்வலி உங்களுக்கு, அவ்வளவுதான். உள்ளே போனால்தான் வம்பு.

*

அந்த வம்பு 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் லட்சுமணனைப் பிடித்தது. ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர். 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று எல்லோரும் நினைத்திருக்கையில் தகுதிநீக்க அறிவிப்பு வந்தது. முந்தும்போது அவர் கால் உள்கோட்டைத் தாண்டி விழுந்துவிட்டதாம். இந்தியா முறையிட்டது, எடுபடவில்லை. பதக்கம் சீன வீரர் சாவ் சாங்ஹோங்குக்குப் போயிற்று. பத்து கிலோமீட்டரில் ஓர் அடி என்ன லாபம் தந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கோடு என்று ஒன்று இருந்தால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக மனம் ஆறிவிடுமா என்ன? ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்துக்கும் ஆறவில்லை போலும். பிறகு அவரை அழைத்துப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார் அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர்.

*

நெடுந்தூரச் சாதனைகளுக்கு ஆயுசு கெட்டி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை ஹரி சந்த் 28 நிமிடம் 48.72 விநாடியில் ஓடினார். அந்த இந்தியச் சாதனையை முறியடிக்க 2008-இல் சுரேந்திர சிங் வரவேண்டியிருந்தது. சுரேந்திரின் சாதனையும் 2024 வரை நின்றது. சிங்கப்பூரில் பி. சி. சுப்பையா 1973-இல் ஓடிய 31 நிமிடம் 19 விநாடிக்கு 41 ஆண்டு ஆயுள். மாரத்தானிலோ, 1978-இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுக்கும் மேலாக அசையவில்லை. வெறுங்காலோடு ஓடிப் பேர்வாங்கியவர் அவர்.

*

1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் பில்லி மில்ஸ். ஆனால் ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தவர் கடைசியாக வந்த இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த! மற்றவர்கள் எல்லோரும் முடித்த பிறகும் 67-ஆம் எண் சட்டையோடு தன்னந்தனியாக மிச்சச் சுற்றுகளை ஓடி முடித்தார். முதலில் சிரித்த கூட்டம் எழுந்து கைதட்டியது.

*

புவனேஸ்வரத்தில் லட்சுமணனுக்குப் பின்னால் வெள்ளி வாங்கிய கேரளத்துக்காரர் டி. கோபி. அவர் மாரத்தானுக்கு வந்த கதை வேடிக்கையானது. 2016 மும்பை மாரத்தானில் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக்கொடுக்கும் பேஸராகத்தான் இறங்கினார். பேஸர் வழக்கமாகப் பாதியில் ஒதுங்கிவிடுவார். இவரோ கடைசிவரை ஓடி, இந்தியர்களில் இரண்டாவதாக வந்து, ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி பெற்றுவிட்டார். ரியோவில் கோபிக்கு 25-ஆவது இடம். அவருக்கு ஒரே விநாடி பின்னால் 26-ஆவதாக வந்தவரும் இந்தியரான கேதா ராம்தான். ராவத்துக்கு 84.