தைராய்டு மருந்தும் காய்ச்சலும்

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும்போது மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது கார்பிமசோல் மாத்திரை. அல்லிநகரத்தில் மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். கார்பிமசோல் சாப்பிடுபவருக்கு அந்தப் பழக்கம் ஆபத்தானது.

நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம்தான் என்றாலும், இம்மருந்து கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடுவதுண்டு. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் இது நேரும். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள வேறு மருத்துவமனையிலோ வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். போன மாதச் சோதனை சரியாக இருந்ததே என்று இருந்துவிடக் கூடாது. எண்ணிக்கை திடீரென்று விழும். மாத்திரை வாங்கும்போதே இதை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மருந்தின் ஒவ்வாமையால் காய்ச்சல் வருவதுண்டு. மருந்தை நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் அது பெரும்பாலும் தணிந்துவிடும்.

வெள்ளையணு விழுந்தவருக்குக் கார்பிமசோல் மறுபடி ஆகாது. அதே இனத்தைச் சேர்ந்த புரோப்பைல்தயோயுராசிலும் ஆகாது. எஞ்சுபவை கதிரியக்க அயோடினும் அறுவை சிகிச்சையும். அயோடினைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தருவதில்லை. தைராய்டால் கண் பிதுங்கியவர்களுக்கு அது கண் நோயைக் கூட்டலாம். கழலை பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தினால் அறுவையே பொருத்தம். எதைத் தேர்ந்தாலும், பின்னர் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.