சன்னலோரத்துப் பூஞ்சணம்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால், கீரமங்கலம் வட்டாரத்து வீடுகளில் சன்னலைச் சுற்றிக் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் படர்வதை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். சுவர் அழுக்கென்று எண்ணிப் பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைத்துவிடுவதே வழக்கம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அது மீண்டும் தோன்றும். அது அழுக்கன்று, பூஞ்சணம் என்னும் உயிர். சுவர்த் தூசி, வண்ணப்பூச்சின் பசை, பாவுக்கு இட்ட கஞ்சி யாவும் அதற்கு உணவே. ஈரம் ஒன்றுதான் அதற்குக் குறை.

அந்த ஈரம் இருவழியில் வருகிறது. ஒன்று, வெளியிலிருந்து கசியும் மழைநீர். மற்றொன்று, வீட்டுக்குள்ளேயே பிறக்கும் நீராவி. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே தாங்கும். மிஞ்சியது குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். உதகமண்டலத்தில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிவது இதனாலேயே. நம் பக்கத்தில் கண்ணாடி அவ்வளவு குளிர்வதில்லை. ஆயினும் மார்கழி வைகறையில் தகரக் கூரை சொட்டுவதைக் காண்கிறோம். பூஞ்சணத்திற்குச் சொட்டும் நீர்கூட வேண்டியதில்லை. சுவரையொட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டிற்கு மேல் சில நாள் நின்றால் போதும்.

சமையல் எரிவாயு ஒரு கிலோ எரியும்போது ஒன்றரைக் கிலோ அளவு நீர் ஆவியாக வெளிப்படுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 14.2 கிலோ உருளை ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் நீர் வீட்டுக் காற்றில் கலக்கிறது. உலை கொதிக்கும் ஆவி வேறு. பழைய ஓட்டு வீட்டில் இவையெல்லாம் ஓட்டிடுக்கு வழியே போயின. காங்கிரீட்டு வீட்டில் போக வழியில்லை.

நெசவாளர் வீட்டில் சிக்கல் இன்னும் கடுமை. காற்றுப் பட்டுப் பாவு உலர்ந்தால் இழை அறுமென்று தறிச் சன்னலை மூடிவைக்கிறோம். குழியிலிருந்து மண்ணின் ஓதமும் ஏறுகிறது. இழைக்கு நல்லதே சுவருக்குப் பகையாகிறது. ஆகவே தறி ஓடும்போது மூடியிருந்தாலும், வேலை முடிந்தபின் திறந்துவிட வேண்டும். கஞ்சி போட்ட பாவையும் நெய்த சேலையையும் சன்னற் சுவரில் சாய்த்து வைத்தல் ஆகாது. துணியில் விழுந்த கரும்புள்ளி வெளுத்தாலும் எளிதில் போவதில்லை.

விவசாய அன்பர்கள் நிலக்கடலை மூட்டையைச் சுவரையொட்டி அடுக்குவது அதனினும் தீங்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சு. அஃபிளாடாக்சின் என்னும் அந்நஞ்சு வறுத்தாலும் முற்றிலும் அழியாது. மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கட்டைமேல் அடுக்குக.

ஈரம் எவ்வழியது என்று அறிய ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். தாளின் மேற்புறம் நனைந்திருந்தால் வீட்டு ஆவி. சுவர்ப்புறம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். பின்னதாயின், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசலை அடைக்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் ஆட்டங்கண்ட நிலைகளை முதலிற் பார்ப்பது நலம். சன்னலின் அடித்தளம் வெளிப்புறம் சரிந்திருக்கிறதா என்றும் காண்க. மேலேயுள்ள மழைமறைப்பின் அடிப்புறத்தில், விளிம்பை ஒட்டி விரற்கடை அகலத்தில் ஒரு பள்ளக்கோடு இருந்தால் நீர் சுவருக்கு ஓடிவராமல் அங்கேயே சொட்டிவிடும். கொத்தனார் அரை நாளில் முடிக்கும் வேலை இது.

வீட்டு ஆவியாயின், சமைக்கும்போது அடுக்களைச் சன்னலைத் திறந்து, உட்கதவைச் சாத்துக. ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தாதிருக்க வேண்டும். மழைக்காற்றை நாள் முழுதும் உள்ளே விடுவதாற் பயனில்லை. வெயில் காணும் நண்பகலில் எதிரெதிர்ச் சன்னல்களை இரண்டு மணி நேரம் திறப்பதே மேல்.

படர்ந்துவிட்ட பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டுதல் கூடாது. அதன் நுண்வித்துகள் பறந்து, இளைப்புள்ள குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் மூச்சுத்திணறல் தரும். மூக்கைத் துணியாற் கட்டி, சோப்பு நீரால் நனைத்துத் துடைத்து, துடைத்த துணியை எரித்துவிடுக. சுவர் நன்கு காய்ந்தபின், புதிதாய் நீற்றிய சுண்ணாம்பை இருமுறை பூசலாம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. பளபளக்கும் வண்ணப்பூச்சைப்போல் அது ஈரத்தைச் சுவருக்குள் அடைத்தும் வைக்காது. ஏற்கெனவே அத்தகைய பூச்சு உள்ள சுவராயின், அதனைச் சுரண்டி நீக்கிய பின்னரே சுண்ணாம்பு பிடிக்கும்.