ஒரே வன்தட்டில் பல இயங்குதளங்கள்: பகுப்பு முறையும் பழைய தமிழ்க் கோப்புகளின் பாதுகாப்பும்

முன்னுரை

1980களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புலம்பெயர்ந்த தமிழர் கணினியில் எழுதிச் சேர்த்தவை மிகப் பல. சங்க மலர்கள், தமிழ்ப் பள்ளிப் பாடநூல்கள், ஆய்வேடுகள், சொற்றொகுதிகள், சிற்றிதழ்கள் என அவை விரியும். அவற்றுள் பல இன்றும் நெகிழ்வட்டுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் தங்கியுள்ளன. கோப்பு கெடாமல் இருக்க, அதனைத் திறந்து படிக்கும் மென்பொருட் சூழல் மறைந்து வருகிறது. இச்சூழலைக் காக்கும் வழிகளுள் ஒன்று, ஒரு வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பழைய இயங்குதளத்தையும் புதிய இயங்குதளத்தையும் அருகருகே நிறுவுவதாகும். அப்பகுப்பு எவ்வாறு அமைகிறது, எவ்விடத்தில் பிழை நேர்கிறது, எந்நிலையில் வேறு வழியை நாட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. பழைய இயங்குதளத்தின் தேவை

ஒருங்குறியின் முதற் பதிப்பில், 1991இலேயே, தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் விண்டோஸ் இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்றது விண்டோஸ் 2000 முதற்கொண்டே ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியேற்றத்தை அமைத்துக்கொண்டது. மின்னஞ்சற் குழுக்களின் கூட்டுழைப்பால் டிஸ்கி உருவாயிற்று. தமிழ்நாட்டு அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. ஈழத்தமிழரிடையே பாமினி எழுத்துரு பரவலாக வழங்கியது. பாமினியில் ‘அம்மா’ என்னும் சொல் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் சேமிக்கப்படுகிறது; எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வைந்து குறிகளே திரையில் தோன்றும்.

வெறும் உரைக்கோப்பாயின் இச்சிக்கல் எளிதில் தீரும். 1998இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியமை இதற்குச் சான்று. ஆனால் டாஸ் காலத்துச் சொற்செயலிகளும், பக்க வடிவமைப்பு மென்பொருள்களும், தரவுத்தளங்களும் தத்தம் கோப்புகளை உரைக்கோப்பாக வைப்பதில்லை. அவற்றை உருவாக்கிய மென்பொருளைக் கொண்டே அவற்றைத் திறந்து, உரையை வெளிக்கொணர வேண்டும். அம்மென்பொருளோ விண்டோஸ் 98 போன்ற இயங்குதளத்தையே எதிர்பார்க்கிறது. எனவே மாற்றப்பணி முடியும்வரை பழையதும் புதியதும் உடனிருத்தல் இன்றியமையாததாகிறது.

2. பகுப்பு என்பது யாது?

வன்தட்டு என்பது வரிசையெண் இடப்பட்ட சிறு கட்டங்களின் நீண்ட தொடர். ‘செக்டர்’ எனப்படும் கட்டம் ஒவ்வொன்றும் மரபாக 512 பைட்டுகள் கொண்டது. ‘பார்ட்டிஷன்’ என்னும் பகுப்பு, இத்தொடரில் இன்ன கட்டம் முதல் இன்ன கட்டம் வரை ஒரு பகுதி என்று குறித்துவைப்பதாகும். நிலத்தைப் பாகம் பிரிக்கும் போது எல்லைகள் பத்திரத்தில் எழுதப்படுவது போல, இவ்வெல்லைகளும் ஓர் அட்டவணையில் எழுதப்படுகின்றன. இயங்குதளம் அவ்வட்டவணையை நம்பியே தன் எல்லைக்குள் நிற்கிறது.

1983இல் வெளிவந்த பி.சி. டாஸ் 2.0 காலத்திலிருந்து வழங்கிய எம்.பி.ஆர். முறையில் இவ்வட்டவணை வன்தட்டின் முதற் கட்டத்திலேயே அமைகிறது. அக்கட்டத்தின் 512 பைட்டுகளுள் முதல் 446 கணினியைத் தொடங்கும் நிரலுக்கும், அடுத்த 64 அட்டவணைக்கும், இறுதி 2 அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரு பகுதியை விவரிக்க 16 பைட்டுகள் வேண்டுமாதலின் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இடமில்லை. கூடுதலாக வேண்டுவோர் நான்கனுள் ஒன்றை விரிபகுதியாக்கி, அதனுள் உட்பகுதிகளை அமைத்துக்கொண்டனர். எல்லையைக் குறிக்கும் எண் 32 பிட்டுகளில் அடங்க வேண்டியிருந்தமையால், 512 பைட்டுக் கட்டங்களைக் கொண்ட தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு அப்பால் இம்முறை செல்லாது.

பின்வந்த ஜி.பி.டி. முறை இக்குறைகளைக் களைந்தது. இதில் வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடமுண்டு. எல்லை எண்கள் 64 பிட்டுகளில் எழுதப்படுகின்றன. அட்டவணையின் மறுபடி ஒன்று வன்தட்டின் இறுதியிலும் வைக்கப்படுவதால், முதற்படி சிதைந்தாலும் மீட்க வாய்ப்புண்டு. எம்.பி.ஆர். முறையில் அத்தகைய மறுபடி இல்லை. பழைய கணினியைத் தொடுமுன் அதன் அட்டவணையைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. அட்டவணை அழிந்தால் தரவு உடனே அழிவதில்லை. எல்லை தெரியாமற் போகிறது. அவ்வேளையில் பதற்றத்துடன் அவ்விடத்தை மீண்டும் வடிவூட்டி, புதிய கோப்புகளை எழுதத் தொடங்குவதே மீளா இழப்புக்கு வழிகோலுகிறது.

3. தொடக்க நிரலும் நிறுவும் வரிசையும்

பயாஸ் கொண்ட பழைய கணினி, மின்சாரம் பெற்றதும் வன்தட்டின் முதற் கட்டத்தைப் படித்து, அங்குள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பழைய விண்டோஸ் பதிப்புகள் தம்மை நிறுவும்போது அவ்விடத்தில் ஏற்கெனவே இருப்பது எதுவாயினும் கேளாமல் தம் நிரலை எழுதிவிடும். ஆகவே விண்டோஸ் 98 முதலிலும், எக்ஸ்.பி. அடுத்தும், லினக்ஸ் இறுதியிலும் நிறுவப்படுதல் வேண்டும். லினக்ஸுடன் வரும் கிரப் என்னும் தொடக்க நிரல் ஏனைய இயங்குதளங்களைக் கண்டறிந்து, எதனைத் தொடங்குவது என்று பயனரைக் கேட்கும்.

பகுதிகள் தனித்தனியாகத் தோன்றினும் அவற்றிடையே மறைமுகச் சார்பு உண்டு. எக்ஸ்.பி. இரண்டாம் பகுதியில் இருந்தாலும் அதன் தொடக்கக் கோப்புகள் விண்டோஸ் 98 உள்ள முதற்பகுதியிலேயே வைக்கப்படுகின்றன. 98 இனி வேண்டாமென்று அப்பகுதியை நீக்கினால் எக்ஸ்.பி.யும் எழாது. அவ்வாறே, லினக்ஸ் பகுதியை நீக்கினால் கிரப் தன் எஞ்சிய கோப்புகளைக் காணாமல் நின்றுவிடும். ஒரு தளமும் தொடங்காது. எப்பகுதியை நீக்குவதாயினும் தொடக்க நிரலை முதலில் மாற்றியமைத்தல் நெறி.

யூ.ஈ.எஃப்.ஐ. கொண்ட இன்றைய கணினிகளில் தொடக்கத்திற்கென ஒரு சிறு பொதுப்பகுதி உள்ளது. ஒவ்வோர் இயங்குதளமும் அதனுள் தனிக் கோப்புறையில் தன் நிரலை வைப்பதால் ஒன்றையொன்று அழிக்கும் இடர் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் அப்பொதுப்பகுதியைத் தவறுதலாக வடிவூட்டினால் அனைத்துத் தளங்களும் ஒருங்கே முடங்கும்.

4. இடம் ஒதுக்குதலும் எச்சரிக்கைகளும்

ஒரு டெராபைட்டு வன்தட்டு ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொடக்கப்பகுதிக்கு 1 ஜிகாபைட்டு, விண்டோஸுக்கு 200, லினக்ஸுக்கு 60, அதன் இடமாற்று நினைவகத்திற்கு 8 என ஒதுக்கி, எஞ்சியது முழுவதையும் தரவுக்கென விடுதல் தக்கது. எழுதிய கோப்புகளை இயங்குதளத்தின் பகுதியில் வையாமல் தரவுப்பகுதியில் வைத்தால், ஓர் இயங்குதளத்தை அகற்றிப் புதுப்பிக்கும்போதும் அவை தீண்டப்படாமல் இருக்கும்.

தரவுப்பகுதியின் கோப்பு முறைமை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானதாக இருத்தல் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்காது; விண்டோஸ் 98 தன் சுற்றமான என்.டி.எஃப்.எஸ். முறைமையையே அறியாது. விண்டோஸ் 98ஐயும் உள்ளடக்கிய கணினியில் ஃபாட்32 ஒன்றே பொதுமொழியாகும். அதில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிகாபைட்டை எட்ட இயலாது என்னும் வரம்பு உண்டு. புதிய தளங்கள் மட்டுமாயின் எக்ஸ்ஃபாட் அல்லது என்.டி.எஃப்.எஸ். பொருந்தும்.

ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் இடம் பெற வேண்டுமாயின், அப்பகுதியை விண்டோஸின் சொந்தக் கருவியைக் கொண்டே சுருக்குதல் பாதுகாப்பானது. பிட்லாக்கர் மறையாக்கம் செயலில் இருப்பின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னரே தாளில் எழுதிவைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்த வேண்டும். அது செயலில் இருக்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. அந்நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும்.

கடிகார வேறுபாடு ஆவணக்காப்பாளர் சிறப்பாகக் கருதத்தக்கது. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் கொள்கின்றன. சிங்கப்பூரில் இவ்விரண்டற்கும் இடையே 8 மணி நேர வேறுபாடு உண்டு. இதனைச் சீர்செய்யாத கணினியில், கோப்பு திருத்தப்பட்ட நேரமும் சில வேளை நாளும் பிழையாகப் பதிவாகும். ஒரு கட்டுரையின் வரைவுகளை நாள்முறையில் அடுக்க முனையும் ஆய்வாளரை அது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

5. மெய்நிகர் கணினி என்னும் மாற்றுவழி

பயாஸ் ஒத்திசைவை முற்றிலும் கைவிட்ட புதிய கணினிகளில் விண்டோஸ் 98ஐ நேரே நிறுவ இயலாது. அங்கு வர்ச்சுவல்பாக்ஸ், கியூ.ஈ.எம்.யூ. போன்ற மென்பொருள்கள் மெய்நிகர் கணினியை உருவாக்கி, பழைய இயங்குதளத்தை ஒரு சாளரத்திற்குள் இயக்குகின்றன. டாஸ் மென்பொருள்களுக்கு டாஸ்பாக்ஸ் பெரும்பாலும் போதும். பழைய வன்தட்டை முதற் பைட்டு முதல் இறுதிப் பைட்டு வரை ஒரே கோப்பாகப் படியெடுத்து, அப்படிமத்தை மெய்நிகர் கணினியில் ஏற்றிப் பார்த்தலும் கூடும். மூலத் தட்டைத் தொடாமல் எத்தனை முறையும் முயன்று பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு.

ஆயினும் இவ்வழி எல்லாவிடத்தும் செல்லாது. சில பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் கணினியின் பின்புறம் செருகும் பூட்டுக் கருவியைக் கண்டாலன்றி இயங்கா. அவற்றிற்கு அந்தத் துறை பொருந்திய பழைய கணினியும், அதில் முறையாகப் பகுத்த வன்தட்டுமே கைகொடுக்கும். அத்தகைய கணினியை இணையத்தில் இணைக்காதிருத்தல் நன்று; எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது.

முடிவுரை

பகுப்பினைக் குறித்து நிலவும் பெரும் பிழை, ஒரே வன்தட்டின் மற்றொரு பகுதியில் வைத்த படியைக் காப்புப் படியென எண்ணுவதாகும். பகுதிகள் எத்தனை ஆயினும் அவற்றைத் தாங்கும் தட்டு ஒன்றே. அது பழுதுற்றால் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே போகும். பல இயங்குதளங்களை உடன்வைக்கும் முறை கோப்பைத் திறப்பதற்குரிய வழியேயன்றிக் கோப்பைக் காக்கும் வழி அன்று. ஆகவே நூலகங்கள் தம்மிடம் வரும் பழைய தட்டுகளை முதலில் படிமம் எடுத்து, அதனை வேறிரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பகுப்பு அட்டவணையையும், பயன்பட்ட எழுத்துரு, மென்பொருள் ஆகியவற்றின் பெயரையும் பதிப்பையும் தாளில் குறித்து உடன்சேர்த்தல் வேண்டும். கோப்பை உருவாக்கியவர் வாழும் காலத்திலேயே அவரிடம் இவ்விவரங்களைக் கேட்டுப் பெறுதல் மிகவும் இன்றியமையாதது. எந்த மென்பொருளில் எழுதினார் என்பதை அவர் ஒரு நிமிடத்தில் கூறிவிடுவார். அவருக்குப் பின் அதனைக் கண்டறியப் பல நாள் உழைப்பு வேண்டியிருக்கும்.