கட்டங்களுக்குள்: கங்கை கைவிட்டாலும்

ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21, நியூயார்க் வேர்ல்ட், வைர வடிவக் கட்டம். குறுக்கெழுத்துப் புதிர் பிறந்த இந்தக் கதையெல்லாம் சென்ற வாரமே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். டோர்க்கமாடா என்ற புனைபெயரில் 1926 முதல் லண்டன் அப்சர்வர் வாசகர்களைத் திணறடித்த எட்வர்ட் பொய்ஸ் மேதர்ஸைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் இலங்கையின் யட்டியாந்தோட்டையில் ஒரு குறிப்பு கிடைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் ஞாயிறு மழைக்கு இஸ்தோப்பில் பென்சிலோடு உட்கார்ந்து குறுக்கெழுத்து நிரப்புவார். இந்த முறை அவரே ஒரு குறிப்பு எழுதி நீட்டினார்:

கங்கை கைவிட்டாலும் நிலம் பெற்று, தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் (4).

களனி கங்கை ஓடும் ஊர். என் புத்தி வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் ஓடியது.

"ஆத்துப்பக்கம் போகாதீங்க தம்பி. கைவிட்டாலும்னு எழுதியிருக்கேன்ல, அந்தக் கைய எடுத்துப் பாருங்க."

கங்கையில் 'கை' போனால் மிச்சம் 'கங்'. நிலம் என்றால் காணி. சேர்த்தால் கங்காணி! குறிப்பின் வால்தான் நேரான பொருள். முன்பாதி முழுக்க எழுத்துக் கணக்கு. ஒரு சொல்கூட வீணில்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தவரின் பெயரிலேயே காணி இருக்கிறது. அவர் பின்னால் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கோ, வீடு கட்டத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி இன்னும் பேச்சாகவே கிடக்கிறது. இதைச் சொன்னபோது கணக்கப்பிள்ளை ஐயா தலையை மட்டும் ஆட்டினார்.

கட்டத்தில் இந்தச் சொல் க, ங், கா, ணி என்று உட்காரும். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் விளையாட்டு முடிந்துவிடும். நமக்கு 247. மேலிருந்து கீழே இறங்கும் சொல்லிலும் அதே 'ணி' வேண்டும், 'ண' போதாது. அதனால்தான் ஆங்கிலப் புதிர் போல நெருக்கமாகத் தமிழில் பின்னுவது பெரும்பாடு. ஆனால் நிரப்புகிறவருக்கு ஒரு வரமும் உண்டு. கட்டத்தில் 'ங்' விழுந்துவிட்டால் அடுத்தது அநேகமாகக் க-வரிசைதான்: சங்கு, தேங்காய், பங்குனி. ஒற்றெழுத்தைப் பிடித்தால் பாதிச் சொல் கைக்கு வந்துவிடும்.

இந்த வகைப் பூடகக் குறிப்புகள் தமிழுக்குச் சரிப்படாது என்பவர்கள், அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் சொல்லை உடைக்கும் விதத்தை விரிவாக எழுதத்தான் ஆசை, இடம் தீர்ந்துவிட்டது.

டோர்க்கமாடா அடுத்த வாரம் கட்டாயம் வருவார். அதுவரை ஐயா கொடுத்தனுப்பிய இன்னொன்று:

பாடகர் தவறவிடக்கூடாத இடத்தில்தான் தோட்டத்துப் பிள்ளை வளர்ந்தது (3).