வேலை முடிந்த பின் ஒரு கிற்றார்

"இந்த வயதில் உங்களுக்கு ஏன் தம்பி இந்த வேலை?" என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. நாங்கள் மூன்றுபேர். முப்பது வயதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள். பகலில் பென்றோஸ் பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, இரவில் சாண்ட்ரிங்கத்தில் உள்ள வாடகை வீட்டுக் குசினியில் இருந்து கிற்றார் பழகுகிறோம். அதுவும் சினிமாப் பாட்டு அல்ல, ஜாஸ்.

கேட்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறோம். புதிதாக ஒக்லாந்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு வீடு, வேலை, ஆங்கிலம், பிள்ளைகளின் படிப்பு என்று ஆயிரம் யோசனை இருக்கும். மாங்கரே அகதிகள் நிலையத்தில் இருந்து வெளியே வந்த நாட்களில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எப்படித் தொடங்கியது

இந்த நாட்டில் தேநீர் இடைவேளையை 'ஸ்மோக்கோ' என்பார்கள். எங்கள் வேலைத்தலத்தில் ஸ்மோக்கோ நேரம் ஒரு மாவோரி நண்பர் கிற்றாரை எடுத்து வாசிப்பார். 'சிங்க-சிக், சிங்க-சிக்' என்று கையை வெட்டி வெட்டி மீட்டும் அந்த முறை இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கூடிப் பாடும் 'ரென் கிற்றார்ஸ்' என்ற பாட்டு 1967 இல் வந்த ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்தது. பாடியவர் எங்கெல்பேர்ட் ஹம்பர்டிங். அவர் பிறந்த ஊர் சென்னை என்று அறிந்தபோது, ஏதோ எங்கள் அயலட்டைப் பாட்டுப் போல இருந்தது.

எங்கள் ஊருக்கும் கிற்றார் புதிதல்ல. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடல்கள் பாடிய காலத்தில் இருந்து கலியாண வீடுகளில் கேட்ட சத்தம்தான். ஆனால் எங்களுக்குப் பழக வேண்டிய வயது வந்தபோது இடப்பெயர்வுதான் வந்தது. இங்கே பழைய சாமான் விற்கும் கடையில் 40 டொலருக்கு ஒரு கிற்றார் கிடைத்தது. மூவரும் பங்கு போட்டு வாங்கினோம். மாவோரி நண்பர் மூன்று கோர்ட் காட்டித் தந்தார். மூன்று, நான்கு சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கச் செய்வதுதான் கோர்ட்.

மேடையில் பட்ட அவமானம்

அந்தத் துணிவில் எங்கள் ஆட்களின் விழா ஒன்றில் மேடை ஏறினோம். ஒரு பாட்டை ஒவ்வோர் இடமாக எண்ணி எண்ணி மனப்பாடம் செய்திருந்தோம். பாடிய தங்கை சபை கைதட்டிய மகிழ்ச்சியில் அனுபல்லவியை இன்னொரு தடவை எடுத்துவிட்டா. அவ்வளவுதான். எங்கே நிற்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் முடித்துவிட்டார், ஒருவர் திரும்பத் தொடங்கினார், மற்றவர் கையை எடுத்துவிட்டார். சபை சிரித்தது. எங்கள் மூவரில் மூத்தவரின் மகனும் முன்வரிசையில் இருந்தான்.

திங்கட்கிழமை இந்தக் கதையைக் கேட்ட வேறொருவர் சிரிக்கவில்லை. அவர் சாமான் ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை செய்யும் வயதான வெள்ளைக்காரர். இளமையில் நடன மண்டபங்களில் வாத்தியக் குழுவோடு கிற்றார் வாசித்தவர். "பாட்டைப் பாடமாக்கியிருக்கிறீர்கள், பாட்டுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை" என்று சொல்லி, ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து மார்க்கர் பேனையால் மூன்று பெயர் எழுதினார்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். "ஜாஸில் பாதிப் பாட்டு இதற்குள் கிடக்கிறது" என்றார்.

அந்த அட்டை இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

அட்டையில் இருந்த கணக்கு

சி என்பதை ச ஆக வைத்துக்கொண்டால், ச ரி க ம ப த நி என்று சங்கராபரணம் வருகிறது. இதில் ரி ம த ச என்ற நான்கையும் சேர்த்து மீட்டினால் டி மைனர் செவன். ப நி ரி ம சேர்ந்தால் ஜி செவன். ச க ப நி சேர்ந்தால் சி மேஜர் செவன். முதலாவது ஓர் அங்கம், இரண்டாவது ஓர் அங்கம், மூன்றாவது இரண்டு அங்கம். அங்கத்துக்கு நான்கு அடிப்படி எல்லாமாகப் 16 அடி. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம்.

இனித்தான் முக்கியமான இடம். முதல் கோர்ட்டில் ம, ச என்ற இரண்டு சுரங்களை மட்டும் பிடியுங்கள். கோர்ட் மாறும்போது ம அப்படியே நிற்கும், ச மட்டும் அரைச் சுரம் இறங்கி நி ஆகும். அடுத்த மாற்றத்தில் நி நிற்கும், ம அரைச் சுரம் இறங்கி க ஆகும். ஒருவர் நிற்க மற்றவர் ஓரடி வைக்கிறார். இந்த இரண்டு சுரங்களே கோர்ட் மாறிவிட்டது என்பதைக் கேட்பவருக்குச் சொல்லிவிடும்.

வீணையில் மெட்டு என்பதைக் கிற்றாரில் பிரெட் என்பார்கள். மெல்லிய கம்பியில் இருந்து எண்ணினால், நாலாம் கம்பியில் 3ஆம் பிரெட் ம, மூன்றாம் கம்பியில் 5ஆம் பிரெட் ச. மூன்றாம் கம்பி விரலை 4ஆம் பிரெட்டுக்கு இறக்கினால் நி. பிறகு நாலாம் கம்பி விரலை 2ஆம் பிரெட்டுக்கு இறக்கினால் க. இரண்டு விரல், இரண்டு கம்பி. இதைப் பிடிக்க எங்களுக்கு ஒரு கிழமை போதும். கோர்ட் மாறும் நேரத்துக்குப் பிந்தாமல் போய்ச் சேர மூன்று மாதம் பிடித்தது.

எங்களுக்குத் தெரியாத சங்கதியா?

எழுதி வைக்காததை அந்த இடத்திலேயே வாசிப்பது ஜாஸின் உயிர். ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அமெரிக்கக் கறுப்பு மக்கள் வளர்த்த இசை அது. ஆனால் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்ட எங்களுக்கு, 'மனோதர்மம்' என்பதை வேறொருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா? ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் எல்லாம் அதுதானே.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எங்கள் சங்கீதத்தில் தம்புரா ச-வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நிலம் அசையாது, பாடகர் அதன்மேல் எங்கும் போய் வரலாம். ஜாஸில் நிலம் ஒவ்வோர் அங்கத்துக்கும் நகரும். முன் கோர்ட்டில் இனித்த சுரம் அடுத்த கோர்ட்டில் முள்ளாகக் குத்தும். ஆகவே வாசிப்பவர் அடுத்து வரப்போகும் நிலத்தை முன்கூட்டியே அறிந்து காலை வைக்க வேண்டும். வழி எல்லோருக்கும் தெரிந்தது, நடைதான் அவரவருடையது.

அந்த வழிகளும் எண்ணற்றவை அல்ல. ஒன்று மேலே சொன்னது. இன்னொன்று 'புளூஸ்', 12 அங்கம் கொண்டது. ச-வில் நான்கு அங்கம், ம-வில் இரண்டு, மீண்டும் ச-வில் இரண்டு, ப-வில் ஒன்று, ம-வில் ஒன்று, கடைசியாக ச-வில் இரண்டு. மொத்தம் 48 அடி, அதாவது ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். இதன்மேல் முதலில் பழகும் ஐந்து சுரங்கள் எங்கள் சுத்த தன்யாசியின் சுரங்களே. இன்னொரு ஐந்து சுர வரிசை அப்படியே மோகனம். கமகமும் போக்கும் வேறுதான், ஆனால் சுரங்களின் இடம் ஒன்று.

மூன்றாவது வழி, ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1930 இல் இசையமைத்த 'ஐ கொட் ரிதம்' என்ற பாட்டினுடையது. பின்வந்தவர்கள் அந்தப் பாட்டின் கோர்ட் வரிசையை மட்டும் எடுத்து, அதன்மேல் புதுப்புது மெட்டுகள் கட்டினார்கள். ஒரே அத்திவாரத்தில் பல வீடுகள்.

தொழிற்சாலையில் வேலை செய்த மேதை

சார்லி கிறிஸ்ரியன் என்ற கறுப்பின இளைஞர் 1939 இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்து, மின்கிற்றாரைத் தனி வாத்தியமாக நிமிர்த்தியவர். 1942 இல், 25 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிற்றார் பழகியவர் வெஸ் மொன்ற்கொமரி. 1923 இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் பிறந்தவர். கிற்றாரைத் தீவிரமாகப் பழகத் தொடங்கும்போது இருபது வயதளவு. இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. பெரிய குடும்பத்தைக் காப்பாற்றப் பகலில் தொழிற்சாலையில் வேலை, இரவில் கிளப்புகளில் வாசிப்பு. சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று, கம்பி மீட்டும் வில்லையை வைத்துவிட்டுப் பெருவிரலின் சதையால் மெதுவாக மீட்டினார். அந்த மெத்தென்ற நாதமே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது. 1960 இல் வந்த அவருடைய இசைத்தட்டு கிற்றார் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1968 இல், 45 வயதில் காலமானார்.

மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் அயல்வீட்டுக் குழந்தை நித்திரை கொள்ளும் எங்கள் வீட்டில் நாங்களும் பெருவிரலால்தான் மீட்டுகிறோம். மேதையாவதற்காக அல்ல, வீட்டுக்காரரிடம் முறைப்பாடு போகாமல் இருப்பதற்காக.

யாழ்ப்பாணத்தில் இருந்து போன பிடில்

இன்னொரு கதையையும் எங்கள் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போனார். பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் பேர்பெற்ற கலைஞர்கள் ஆனார்கள். அவர்களில் சங்கர், ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேய ஜாஸ் கிற்றார் கலைஞரோடு சேர்ந்து 'சக்தி' என்ற குழுவில் வாசித்தார். தபேலா சாகிர் ஹுசைன், கடம் விநாயகராம். அவர்களின் 1975ஆம் ஆண்டுக் கச்சேரி ஒன்று 1976 இல் இசைத்தட்டாக வந்தது. வயலின் ஓர் அடி எடுக்க, கிற்றார் அதற்கு மறுமொழி சொல்லும். கேட்டுப் பாருங்கள். கலவரத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளைதான் அப்படி வாசித்தது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

புதுக் கிற்றார் வாங்கக் கடன்படாதீர்கள். பழையது போதும், கம்பியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். ஒக்லாந்து நூலகங்களில் அங்கத்துவம் இலவசம். கிற்றார் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வரலாம்.

ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிறு மட்டும் மூன்று மணித்தியாலம் இருந்து பயனில்லை, கை மறந்துவிடும். மூன்று கோர்ட்டையும் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்துவிட்டு, அதன்மேல் வாசியுங்கள். காலால் தாளம் போடுங்கள், வாயால் எண்ணுங்கள். முதலில் வாயால் பாடுங்கள், பிறகு அதைக் கம்பியில் தேடுங்கள். வாய்க்கு வராததை விரலிடம் கேட்காதீர்கள்.

பிழை விட்டால் நிற்காதீர்கள். சங்கராபரணத்துக்குள் இல்லாத சுரத்தில் விரல் விழுந்தால், உள்ளே இருக்கும் சுரம் ஒரு பிரெட் மேலேயோ கீழேயோ இருக்கிறது. அங்கே வழுக்கிப் போய்விடுங்கள். மேடையில் எங்களைக் கவிழ்த்தது பிழை அல்ல, பிழைக்குப் பின் எங்கே போவது என்று தெரியாததுதான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிற்றார் பழகக் கேட்டால் "படிப்பு கெட்டுவிடும்" என்று உடனே மறுத்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் மூவரில் மூத்தவர் தன் குடும்பத்தை இங்கே எடுப்பிக்க ஐந்து வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் வந்திறங்கிய மகனுக்கு அப்போது பதினொரு வயது. தகப்பனைப் படத்திலும் தொலைபேசியிலும் அறிந்த பிள்ளை. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இல்லை. "சாப்பிட்டாயா?", "ஓம்." அதோடு முடிந்துவிடும். பிள்ளைக்கு ஆங்கிலம் ஓடுகிறது, தகப்பனுக்கு ஓடவில்லை. விழாவில் நாங்கள் தடுமாறியபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததை அண்ணை மேடையில் இருந்து கண்டவர். அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் நாங்கள் குசினியில் பழகிக்கொண்டு இருந்தோம். அவன் தண்ணீர் எடுக்க வந்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையை நின்று வாசித்தான். "இது எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் பழகியிருந்த அந்த மூன்று கோர்ட்டையும் மீட்டிக் காட்டினான். எங்களைவிடத் துப்புரவாக. அண்ணை மற்றக் கிற்றாரை எடுத்து, ம, ச, ம, நி, க, நி என்று இரண்டு கம்பியில் நடந்தார். ஓரிடத்தில் பிந்திவிட்டார். பெடியன் நிற்கவில்லை, அடுத்த சுற்றில் தகப்பன் வந்து ஏறும்வரை மீட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு, "அப்பா, அது என்ன, ம எண்டால்?" என்று கேட்டான்.

அண்ணை ச-வில் இருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். நாங்கள் இரண்டுபேரும் வெளியே போய்க் குளிருக்குள் நின்றோம்.