தேர்தலும் எழுத்தும்

அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு கென்னடி வென்ற வரலாற்றைத் தியடோர் ஒயிட் காவியம்போல் நூலாக்கினார். 1972-இல் வேட்பாளர்களோடு ஊர் ஊராய் அலைந்த ஹண்டர் தாம்ப்சனோ, மக்களின் மனக்கசப்பையே எழுதினார். (அவர் எழுதிய அனைத்தும் நம்பத்தக்கதன்று, மிகைக்கு அஞ்சாதவர்.) அத்தேர்தலில் 49 மாநிலங்களை வென்ற நிக்சன், 1974-இல் பதவி துறந்தார்.

நமது கேமரன் மலைக்கும் அத்தகைய எழுத்து வேண்டும். 2018 மே 9-இல் ம.இ.கா. இங்கு 597 வாக்குகளில் வென்றது. ஓராங் அஸ்லி வாக்காளருக்குக் கையூட்டு அளிக்கப்பட்டதென நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றியைத் தள்ளியது. 2019 சனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. நிற்கவில்லை. தேசிய முன்னணியின் ரம்லி முகமது நோர் 3,238 வாக்கு வித்தியாசத்தில் வென்று, மக்களவையின் முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார். இவ்வளவும் ஏடுகளில் வந்தது.

அன்று வாக்களித்துத் திரும்பிய தோட்டத்து மூதாட்டி ஒருவர், “போன தடவை போட்ட ஓட்டு என்னாச்சுங்க சார்?” என்று என்னைக் கேட்டார். சட்டத்தை விளக்கினேன். “நான் காசு வாங்கலியே!” என்றார். அக்கேள்வியை எந்த ஏட்டிலும் நான் காணவில்லை.