ஆமணக்கும் காட்டாமணக்கும் ஒன்றா? மகரந்தம் சொல்லும் சாட்சி

மும்பையில் லோக்கல் ரயிலில் போகிறவர்கள், தண்டவாள ஓரத்தில் விரித்த கை போன்ற இலைகளுடன் ஆமணக்குச் செடி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் விட்டதுமில்லை. பூங்கொத்தின் மேற்பகுதியில் பெண் பூக்கள், கீழே ஆண் பூக்கள். ஆண் பூவின் மகரந்தப் பை வெடித்ததும் தூள் காற்றோடு போய்விடும். நம் நாட்டில் தும்மலும் இழுப்பும் உண்டாக்கும் மகரந்தங்களில் ஆமணக்கும் ஒன்று என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம். எங்கள் ஆபீசில் யார் தும்மினாலும் பழி பழைய பைல்களின் மீதுதான் விழுகிறது. பாவம், பைலுக்கு வாய் இல்லையே!

அப்படியானால் வேலியோரக் காட்டாமணக்கும் ஆகாதா? பெயர் ஒட்டி வருகிறது. இரண்டு விதையிலும் எண்ணெய் உண்டு. தாவர நூலார் இரண்டையும் கள்ளிக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கதை வேறு.

மகரந்தத்தின் ஓடு அசாத்திய உறுதி கொண்டது. அமிலத்தில் சூடாக்கினால் உள்ளிருப்பது கரைந்து போகும்; ஓடு மட்டும் அப்படியே நிற்கும். அதன் மேலுள்ள வேலைப்பாட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஆமணக்கு மகரந்தம் சுமார் 25, 30 கூறு அளவுதான். அதில் மூன்று நீள வரிப்பள்ளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. சூல்முடியில் விழுந்ததும் மகரந்தக் குழாய் வெளிவரும் வாசல் அது.

காட்டாமணக்கில் அத்தகைய வாசலே கிடையாது. உருண்டை வடிவம், அளவிலும் மிகப் பெரியது. மேலெல்லாம் முக்கோணக் குமிழ்கள், ஐந்தாறு சேர்ந்து ஒரு வளையமாக, வளையத்தை ஒட்டி வளையமாக நிற்கின்றன. இதே அலங்காரம் மரவள்ளியிலும் உண்டு. மும்பைக்காரர்கள் விரத நாளில் சாப்பிடும் சாபுதானா, அதாவது நம் சேலத்து ஜவ்வரிசி, அந்த மரவள்ளிக் கிழங்கில் செய்வதுதான். ஆகவே காட்டாமணக்குக்கு நெருங்கிய சொந்தம் மரவள்ளி. ஆமணக்கின் சொந்தமோ குப்பைமேனி! அதன் மகரந்தமும் சிறியது, காற்றில் போவது. மரவள்ளி, காட்டாமணக்கு மகரந்தங்கள் பெரியவை. அவை பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகின்றன, காற்றில் பறப்பது அரிது.

1962-ல் பன்ட் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் இக்குடும்பத்து மகரந்தங்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். 1975-ல் அமெரிக்காவின் வெப்ஸ்டர் குடும்பத்தைப் பிரித்து அடுக்கியபோது மகரந்தமும் ஒரு சாட்சியாயிற்று. நீண்ட காலம் இதே குடும்பத்தில் இருந்த நெல்லியும் கீழாநெல்லியும், மரபணு ஆராய்ச்சிக்குப்பின் 2003-ல் தனிக்குடித்தனம் போய்விட்டன.

காற்றில் உள்ள தூளைக் கண்ணாடிச் சில்லில் பிடித்து, எந்தச் செடியின் மகரந்தம் எத்தனை என்று எண்ணுகிறார்களே, அவர்களுக்கும் இந்தப் பள்ளமும் துளையும்தான் அடையாளம். இழுப்பு உள்ளவர்கள் தாமாக ஒரு செடி மீது பழி போடாமல் டாக்டரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஜன்னலடியில் ஆமணக்கு முளைத்திருந்தால் பூக்குமுன் பிடுங்கிவிடுவது நல்லது. அதன் விதையும் கொடிய விஷம். குழந்தைகள் கையில் அகப்படக் கூடாது.